புது எல்.பி. சரியாகப் பாடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்

ரொம்ப வருஷம் கழித்து எல்.பி. ரெக்கார்டு பக்கம் திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் முதல் இரண்டு மாதத்துக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்: இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புதுத் தட்டு, அந்தக் காலத்துத் தட்டு மாதிரி ஏன் பாடவில்லை? நான் 1991-ல் பிளேயரைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றியவன், 2019-ல்தான் இறக்கினேன். இறக்கிய வேகத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினேன், பெரும்பாலும் ஜாஸும் மேற்கத்திய செவ்வியலும். அதில் பாதியைத் திரும்பவும் எடுத்துப் போடத் தோன்றவில்லை. வெளிநாட்டுத் தட்டு ஒன்று நம் கைக்கு வந்து சேர்வதற்குள் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. கோளாறு தட்டிலா, மெஷினிலா, இல்லை அந்த ஒலிப்பதிவே அப்படித்தானா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம். அதனால் காதில் என்ன விழுகிறதோ அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எதற்கும் முன்னால்: பழைய தட்டு ஒன்றை எடுங்கள்

வீட்டில் நன்றாகப் பாடும் என்று உறுதியாகத் தெரிந்த பழைய தட்டு ஒன்று இருக்கும். என்னிடம் டம்டம் ஆலையில் அச்சான எச்.எம்.வி. வீணைத் தட்டு ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு மீட்டும் எனக்கு மனப்பாடம். புதுத் தட்டில் எந்தக் குறை தெரிந்தாலும் முதலில் அதைப் போடுவேன். அதிலும் அதே குறை இருந்தால் தட்டைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு மெஷினைப் பார்க்க வேண்டும். பழசு நன்றாகப் பாடி புதுசு மட்டும் படுத்தினால் கோளாறு அநேகமாகத் தட்டில்தான். இந்தச் சோதனையைச் செய்யாமலேயே தட்டைத் திருப்பி அனுப்பி, மாற்றுத் தட்டு வந்து, அதிலும் அதே சத்தம் கேட்டு, மூன்றாவதுக்கும் எழுதிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

சத்தம் சன்னமாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது

நம் காலத்து ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 'ஃபோனோ' என்று ஒரு ஜோடித் துளை இருந்தது. இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அது கிடையாது. பாட்டைத் தட்டில் பள்ளமாக வெட்டும்போதே கீழ்ஸ்தாயியைக் குறைத்து மேல்ஸ்தாயியை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள், இரண்டு கோடியிலும் சுமார் 20 டெசிபெல் வித்தியாசம். வாசிக்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்கிற வேலை ஃபோனோ பகுதியுடையது. அது இல்லாமல் சாதாரணத் துளையில் செருகினால் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, காணாமல் போகும், சத்தமும் எழும்பாது. தனியாக ஒரு ஃபோனோ பெட்டி வாங்கி நடுவில் வையுங்கள்.

இதற்கு நேர்மாறாக, சத்தம் எகிறி உடைந்து கேட்டால் புது டர்ன்டேபிளின், அதாவது தட்டு சுற்றும் மெஷினின், பின்பக்கத்தைப் பாருங்கள். பலவற்றில் ஃபோனோ பகுதி உள்ளேயே இருக்கிறது, அதற்கு ஒரு சின்ன ஸ்விட்சும் உண்டு. அதுவும் போட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ துளையிலும் செருகினால் ஒரே வேலை இரண்டு தடவை நடக்கிறது.

பழசு, புதுசு எல்லாமே பிசிறடிக்கிறது, ஊசி தாவுகிறது

பரணில் இருபது முப்பது வருஷம் கிடந்த மெஷினை அப்படியே நம்ப முடியாது. பெல்ட் தளர்ந்திருக்கும். ஊசி பொருத்திய சின்னப் பெட்டியான காட்ரிட்ஜுக்குள் ஊசியைத் தாங்கும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஊசி முனை பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் அது பள்ளத்தின் வளைவுக்கு வளையாது. இரண்டையும் மாற்றிவிடுங்கள். புதுத் தட்டுக்குச் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழிக்க வேண்டும். இறுகிப்போன ஊசி புதுத் தட்டையும் சேர்த்துத்தான் கெடுக்கும். காட்ரிட்ஜைத் தாங்கும் மெஷின் கையின் (டோன்ஆர்ம்) அழுத்தம் காட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கிறதா என்று தராசு வைத்துப் பாருங்கள், சாதாரணக் காட்ரிட்ஜ் பலவற்றுக்கு அது 1.5-லிருந்து 2 கிராம் வரை. தாவுகிறதே என்று கைமேல் காசு ஒட்ட வைக்கும் பழைய வித்தை வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு தட்டில், ஒரே இடத்தில் மட்டும் தாவினால் அங்கே தூசு இருக்கலாம், அல்லது அந்த இடத்தின் ஒலி அவ்வளவு பலமாக வெட்டப்பட்டிருக்கலாம். டெலார்க் கம்பெனி 1979-ல் வெளியிட்ட சைக்கோவ்ஸ்கியின் '1812' என்ற இசைப்படைப்பின் தட்டில் பீரங்கி வெடிக்கிற இடத்தில் பள்ளம் எப்படி வளைகிறது என்று வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல நல்ல ஊசிகளையே அது தூக்கி எறிந்திருக்கிறது. அது தட்டின் குறை கிடையாது.

பக்கம் முடியும் நேரத்தில் 'ஸ்', 'ஷ்' எல்லாம் சீறுகிறது

முதல் பாட்டு பளிச்சென்று இருக்கிறது, கடைசிப் பாட்டில் பாடகியின் ஒவ்வொரு 'ஸ்'ஸும் காதைக் கிழிக்கிறது என்றால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் ஒரு விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடினால், லேபிளுக்குப் பக்கத்தில் 21 சென்டிமீட்டர்தான் ஓடும். அதே ஒரு விநாடிப் பாட்டை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். காட்ரிட்ஜ் ஒரு இழை கோணலாக இருந்தாலும் முதலில் அது தெரிகிற இடம் இதுதான். அளவுத்தாள் வைத்து நேர் செய்யுங்கள். அதற்குப் பிறகும் சீறினால் ஊசி முனையின் வடிவத்தைப் பாருங்கள். உருண்டை முனையைவிட நீள்வட்டம் மேல், அதைவிட மைக்ரோலைன் போன்ற மெல்லிய முனைகள் இந்த உள்வட்டத்தில் ரொம்பவே மேல்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒரு பக்கம் எத்தனை நிமிஷம் என்பதை. 18, 20 நிமிஷம் என்றால் வெட்டுகிறவருக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். 25-ஐத் தாண்டினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லை பேஸைக் குறைக்க வேண்டும், வேறு வழி அவருக்கு இல்லை. சிடி காலத்து ஆல்பங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதை ஒரே எல்.பி.யில் திணித்திருந்தால் நான் வாங்குவதில்லை. அதையே இரண்டு தட்டில் பிரித்திருந்தால் யோசிக்கலாம். 45 வேகத்தில் இரண்டு தட்டாக வந்தால் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுந்து புரட்டிப் போட வேண்டியிருக்கும், ஆனால் உள்வட்டத்துச் சீறல் நன்றாகவே குறைந்திருக்கும்.

சுருதி ஆடுகிறது

இது கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே தெரியும். தம்புராவோ, பியானோவில் இழுத்துப் பிடித்த ஒற்றை ஸ்வரமோ மேலே போய்க் கீழே வரும், ஊஞ்சல் மாதிரி, ஒரே சீராக. கடிகாரத்தைப் பார்த்து எண்ணிப் பாருங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆட்டமும் அதே 1.8 விநாடிக்கு ஒரு தடவை வந்தால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம், தட்டின் நடுத் துளை நடுவில் இல்லை.

உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. பக்கவாட்டில் உட்காராமல் டர்ன்டேபிளுக்கு நேர் முன்னால் குனிந்து, ஊசி இருக்கிற தலைப்பகுதியை மட்டும் பாருங்கள். நல்ல தட்டில் அது கண்ணுக்குத் தெரியாத நிதானத்தில் உள்ளே நகர்ந்துகொண்டே போகும். துளை விலகிய தட்டில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போகும். துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் தலை ஒரு மில்லிமீட்டர் ஆடும், தட்டின் நடுப்பகுதியில் சுருதி ஏறக்குறைய அரை சதவீதம் மேலும் கீழும் போகும். அரை ஸ்வரம் என்பது சுமார் 6 சதவீதம்தான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. ராக் பாட்டில் கவனிக்காமல் போய்விடலாம். பியானோ, புல்லாங்குழல், வயலின் தட்டில் என்னால் ஐந்து நிமிஷம்கூட உட்கார முடியாது.

வீட்டில் இதற்கு வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. திருப்பி அனுப்ப முடியாத நிலைமை என்றால் சிலர் உப்புத்தாளைச் சுருட்டித் துளையை ஒரு இழை பெரிதாக்கி, ஒவ்வொரு தடவையும் கையால் நகர்த்தி நடுவுக்குக் கொண்டு வருகிறார்கள். நானும் ஒரு தட்டுக்கு அப்படிச் செய்தேன், பலன் இருந்தது. ஆனால் உப்புத்தாளை எடுத்தபின் கடைக்காரரிடம் பேச்சுக்கே இடமில்லை, அதனால் முதலில் அவரிடம் பேசிப் பாருங்கள்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் துணி கிழிகிற மாதிரி சத்தம்

பழைய காலத்தில் நான் கேட்டே இராத கோளாறு இது, திரும்பி வந்தபின்தான் பழக்கம். தூசியின் 'டிக்' இல்லை, கீறலின் 'டப்' இல்லை. சர்ரென்று ஜிப் இழுக்கிற மாதிரி சில விநாடிகள், பெரும்பாலும் ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும், அமைதியான இடத்தில் அலறும். கழுவினாலும் போகாது. நான் ஒரு செல்லோத் தட்டை மூன்று தடவை கழுவினேன், மூன்று தடவையும் அதே இடத்தில் அதே சத்தம்.

தட்டைக் கையில் எடுத்து ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்து, மெதுவாகத் திருப்புங்கள். கறுப்புப் பளபளப்புக்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும் சாம்பல் பூத்தாற்போல ஒரு திட்டு, கிட்டே போனால் பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். விரல் நகத்துக்கு எதுவும் தட்டுப்படாது. தட்டு செய்யும் பிளாஸ்டிக்கான வினைல் சூடாக அச்சுக்குள் அழுத்தப்படும்போது பள்ளத்தின் சுவர் வரைக்கும் போய் நிரம்பவில்லை, அதுதான் விஷயம். சூடு போதவில்லை, அல்லது அச்சை அவசரமாகத் திறந்துவிட்டார்கள். தேவை திடீரென்று கூடி, ஆலைகள் குறைந்த நேரத்தில் நிறைய அடிக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் ஊசி, உங்கள் கழுவல், எதிலும் தப்பில்லை. திட்டை வெளிச்சத்தில் படம் எடுத்து, சத்தத்தையும் போனில் பதிந்து, இரண்டையும் சேர்த்துக் கடைக்கு அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றுத் தட்டிலும் அதே இடத்தில் திட்டு இருந்தால் அதோடு சேர்ந்து அச்சான தட்டுகள் எல்லாமே அப்படி இருக்க வாய்ப்பு உண்டு, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பதிப்பைத் தேடுங்கள்.

டிக், டிக், பட், பட்

புதுத் தட்டு என்றால் சுத்தமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். காகித உறையின் பொடி, வெட்டிய ஓரத்தின் துணுக்கு எல்லாம் அதிலேயே இருக்கும். காகித உறையிலிருந்து சரக்கென்று உருவும்போது நிலைமின்சாரம் ஏறி அறைத் தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஏசி போட்ட அறையில் இது கூடுதல். காய்ச்சி வடித்த நீரில் தட்டு கழுவும் திரவம் ஒரு துளி விட்டுப் பள்ளம் போகிற வட்டத்திலேயே துடைத்து, பிறகு வெறும் நீரால் அலசி, நிழலில் காயவைத்து, உள்ளே பிளாஸ்டிக் படலம் வைத்த உறையில் போட்டுவிடுங்கள். முக்கால்வாசி டிக் டிக் இதிலேயே அடங்கிவிடும். அடங்காதது அச்சுக் கோளாறு.

சத்தம் சுத்தம், குறை சொல்ல எதுவுமில்லை, ஆனால் உயிரே இல்லை

நான் சொல்ல வந்ததே இதைத்தான். மேலே சொன்னவை பெரும்பாலும் மெஷினைச் சரிசெய்தோ தட்டை மாற்றி வாங்கியோ தீர்க்கக்கூடிய குறைகள். இதற்கு மாற்றுத் தட்டு வந்தாலும் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் குறை வெட்டிய இடத்தில், அல்லது வெட்டுவதற்குக் கொடுத்த மூலத்தில் இருக்கிறது.

அட்டையில் '180 கிராம்' என்று தங்க நிறத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்து நானும் ஆரம்பத்தில் வாங்கினேன். எடை கூடினால் தட்டு கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். பள்ளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கும் எடைக்கும் சம்பந்தம் கிடையாது. 'ரீமாஸ்டர்', 'லிமிடெட்' என்கிற வார்த்தைகளும் அப்படித்தான், யார், எதிலிருந்து என்று சொல்லாவிட்டால் அவற்றால் பிரயோஜனம் இல்லை.

ஜாஸ் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஐரோப்பாவில் 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் ஐம்பதுகளின் புகழ்பெற்ற ஆல்பங்களை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம், மூல டேப் அவர்களிடம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரு சிடி இருந்தால் போதும். அட்டை அழகு, தட்டு கனம், விலை சகாயம், வாங்கிப் போட்டால் சிடியைக் கேட்ட மாதிரியே இருக்கும். அட்டையில் எங்கு தேடியும் வெட்டியவர் பெயரோ டேப் பற்றிய தகவலோ இல்லையென்றால் அந்தத் தட்டை நான் வாங்காமல் திரும்ப வைத்துவிடுவேன்.

அப்போது எதைப் பார்த்து வாங்குவது? வெட்டியவர் பெயரை. கெவின் கிரே, பெர்னி கிரண்ட்மன், கிறிஸ் பெல்மன், ரையன் கே. ஸ்மித் ஆகியோரின் பெயர் இருந்தால் நான் பாதி நம்பிக்கையோடு கையை நீட்டுவேன். லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே பாட்டில்லாத வழுவழுப்பான வளையம் ஒன்று இருக்கிறதே, அங்கே போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் கையால் கீறிய எழுத்துகள் தெரியும். கிரே வெட்டினால் தன் முதலெழுத்துகளைக் கீறுவார், ஸ்மித்தும் அப்படியே. ஜாஸ் கம்பெனியான புளூநோட்டின் பழைய தட்டுகள் பலவற்றில், பதிந்து வெட்டிய ரூடி வான் கெல்டரின் பெயர் 'வான் கெல்டர்' என்று முத்திரையாகவே குத்தியிருக்கும். பழைய கடையில் தட்டைப் புரட்டும்போது முதலில் நான் பார்க்கிற இடம் அந்த வளையம்.

அப்புறம், டிஜிட்டல் என்றாலே ஒதுக்கும் பழக்கம் வேண்டாம். 2022-ல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகள் பலவற்றில், மூல டேப்புக்கும் வெட்டும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது வெளியே தெரிந்து பெரிய சண்டை வந்தது. அதே தட்டுகளை டிஜிட்டலே கலக்காத முழு அனலாக் என்று நம்பி வருஷக்கணக்கில் புகழ்ந்தவர்கள் அதில் ஏராளம், காதால் கேட்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை. விற்றவர்கள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்ல டேப்பிலிருந்து கவனமாக எடுத்த டிஜிட்டல் பிரதி, தேய்ந்துபோன பிரதி டேப்பைவிட எவ்வளவோ மேல். ஒதுக்க வேண்டியது, சத்தத்தை ஏற்றி ஏற்றி நசுக்கி சிடிக்காகத் தயாரித்த மாஸ்டர் பிரதியை அப்படியே தட்டில் வெட்டுவதை. அதன் அடையாளம் எளிது: ஒலியளவைக் கூட்டினால் சந்தோஷம் கூடாது, களைப்புதான் கூடும், மெதுவான இடமும் பலமான இடமும் ஒரே உயரத்தில் நிற்கும்.

ட்ரம்ஸ் ஒரு மூலையில், சாக்ஸபோன் இன்னொரு மூலையில், பியானோ பெட்டிக்குள்

இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஒலிப்பதிவே அப்படித்தான். ரூடி வான் கெல்டர் 1959 வரை நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் பதிவு செய்தார். ஸ்டீரியோ அப்போது புதுசு, வாத்தியங்களை இடம், வலம் என்று பிரித்தே வைத்தார். அவர் பதிந்த பியானோ சற்று அடைத்துக்கொண்டுதான் ஒலிக்கும், எவ்வளவு நல்ல பதிப்பு வாங்கினாலும் அது மாறாது. இரண்டு பக்கப் பிளவு பொறுக்கவில்லை என்றால் அதே ஆல்பத்தின், இடம் வலம் பிரிக்காத மோனோ பதிப்பு கிடைக்கிறதா பாருங்கள்.

நினைவில் இருக்கிற சுருதி வேறு, புதுத் தட்டின் சுருதி வேறு

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தைப் பழைய தட்டில் கேட்டுப் பழகியவருக்குப் புதுத் தட்டின் முதல் பக்கம் ஒரு நூல் இறங்கித் தெரியும். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். 1959-ல் அந்தப் பக்கத்தைப் பதிந்த டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், தட்டில் அது வேகமாகி, சுருதி ஏறிப்போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் எல்லோரும் அதைத்தான் கேட்டோம், தொண்ணூறுகளில்தான் திருத்தினார்கள். இறங்கிக் கேட்பதுதான் அவர்கள் வாசித்த சுருதி.

மறுபடி தொடங்குகிறவர் முதலில் எதை வாங்கலாம்

ஜாஸ் என்றால் புளூநோட்டின் 'டோன் பொயட்' வரிசை, 2019-ல் தொடங்கியது. ஜோ ஹார்லி பொறுப்பில், கெவின் கிரே மூல டேப்பிலிருந்து வெட்டி, கலிஃபோர்னியாவின் ஆர்.டி.ஐ. ஆலையில் அச்சாகிறது. கெட்டி அட்டை, விலையும் கெட்டி. அதே கம்பெனியின் 'கிளாசிக் வினைல்' வரிசையையும் கிரேதான் வெட்டுகிறார், ஜெர்மனியின் ஆப்டிமல் ஆலையில் அச்சாகிறது, அட்டை சாதாரணம், விலை குறைவு. நான் முதலில் கை வைக்கச் சொல்வது இதில்தான். செவ்வியல் என்றால் ஜெர்மன் கம்பெனியான டாய்ச்ச கிராமஃபோன் 2023-ல் தொடங்கிய 'ஒரிஜினல் சோர்ஸ்' வரிசை. எழுபதுகளில் பல தடங்களில் பதிந்த மூல டேப்புகளிலிருந்தே பெர்லினில் எமில் பெர்லினர் ஸ்டுடியோக்காரர்கள் நேராக வெட்டுகிறார்கள். அதே பதிவுகளை அந்தக் கம்பெனியின் பழைய மஞ்சள் லேபிள் தட்டில் கேட்டு, கொஞ்சம் மெலிந்து ஒலிக்கிறதே என்று நினைத்தவர்கள் இதில் செல்லோ வரிசையும் டபுள் பேஸும் எழும்பி வருவதைக் கேட்க வேண்டும்.

வந்த அன்றே இரண்டு பக்கமும் முழுசாகப் போட்டுக் கேட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிப்பதிலிருந்து போனில் படம் பிடியுங்கள், தட்டை டர்ன்டேபிளில் வைத்துக் கண் மட்டத்தில் குனிந்து ஓரம் அலை அடிக்கிறதா என்றும் பாருங்கள், நம் ஊர் வெயிலில் கூரியர் வண்டிக்குள் ஒரு மதியம் கிடந்தால் போதும், வளைந்துவிடும். பல கடைகள் திருப்பி எடுக்க ஒரு வாரம், பத்து நாள்தான் கொடுக்கின்றன. பிரிக்காமல் அடுக்கி வைத்து மூன்று மாதம் கழித்து எடுத்தால், சாம்பல் திட்டோடு அந்தத் தட்டு உங்களிடமேதான் இருக்கும்.